மேட்டூருக்கு மாற்றல்: அங்கேயே குடி போகலாமா, சேலத்திலிருந்து போய்வரலாமா?

அம்மாபேட்டைவாசி:
வங்கி வேலை, அடுத்த மாதம் மேட்டூரில் சேரணும். மகள் யுகேஜி. பழைய கம்பெனி ஊர், இப்போது களையில்லை என்று ஆபீசில் பயமுறுத்துகிறார்கள். போய்வர மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடுமே என்று யோசனை. ஊர்க்காரர்கள் சொல்லுங்க.

ஆர்.எஸ்.பையன்:
களையில்லை என்பது பாதி உண்மைங்க. அணை 1934-ல் முடிந்ததும் கரண்டும் தண்ணியும் கையருகிலேயே கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனிகள் வந்தன. 1936-ல் கெமிக்கல் கம்பெனி, 1965-ல் மால்கோ அலுமினியக் கம்பெனி. ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட் தாது இங்கே வந்துதான் அலுமினியம் ஆனது. 2008-ல் அந்த உருக்காலை நின்றுபோச்சு. என் அப்பா வேறொரு மில்லில் இருந்தார். சின்ன வயசில் எங்களுக்குக் கடிகாரமே தேவையில்லை, சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாங்க, ஷிப்ட் விட்டதும் சைக்கிள் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும், பரோட்டாக் கடையில் கல் காயவே நேரமிருக்காது. இப்போ அதே கடையில் சாயங்காலம் நாலு பேர். அதுக்காக ஊர் செத்துப்போச்சுன்னு சொல்லாதீங்க, அனல்மின் நிலையமே 840 மெகாவாட், அப்புறம் 600 மெகாவாட் சேர்த்தாங்க, கெமிக்கல் கம்பெனியும் ஓடுது.

கொளத்தூர் அக்கா:
தம்பி, வாடகை சேலத்தைவிடக் குறைவு. ஆனால் வீடு பார்க்கும்போது மொட்டைமாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவரை விரலால் தடவிப் பாருங்க. கறுப்பாகக் கரித்தூசி ஒட்டினால் துணி காயப்போட முடியாது, அந்தப் பக்கமே வேண்டாம். நான் தடவாமல் அட்வான்ஸ் கொடுத்து ஒரு வருஷம் அனுபவிச்சேன். தண்ணிக்குக் கவலையில்லை, சேலத்தில் நீங்க குடிக்கிறதே எங்க அணைத் தண்ணிதானே!

அம்மாபேட்டைவாசி:
அக்கா, மாடிச் சுவர் யோசனைக்கு நன்றி. அப்போ குடியே வந்துடறோம். சதுரங்காடி பக்கமா, ஆர்.எஸ். (ரயில்வே ஸ்டேஷன்) பக்கமா?

ஆர்.எஸ்.பையன்:
பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் எல்லாம் பக்கம்னா சதுரங்காடி. சத்தமில்லாமல் இருக்கணும்னா எங்க பக்கம். ஒரு ஞாயிறு குடும்பத்தோட வந்து பாருங்க, அணைப் பூங்கா ஓரத்தில் மீன் வறுவல் சாப்பிட்டுட்டுப் போகலாம், காரம் தூக்கலாக இருக்கும், பாப்பாவுக்குத் தனியாகச் சொல்லிடுங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு மட்டும் கிளம்பிடாதீங்க, முனியப்பன் கோயில் கூட்டத்தில் வண்டியைத் திருப்பக்கூட முடியாது.