ஆடியோ கியூ: ‘குறிப்பொலி’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பார்வையற்றோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் பிறரோடு சேர்ந்து ஆடத்தக்க இணைய விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது, ஆட்டத்தில் நடப்பதை ஒலியால் உணர்த்தும் ‘ஆடியோ கியூ’ (audio cue) என்பதை ‘ஒலிக்குறிப்பு’ எனலாம் என்று இங்கே முன்மொழியப்பட்டது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘சலசல’, ‘கலகல’ போன்றவற்றை ஒலிக்குறிப்புச் சொற்கள் என்றே இலக்கணத்தில் படித்திருக்கிறோம். கைப்பேசியில் பேசிப் பதிந்துவைக்கும் குறிப்பையும் அச்சொல் நினைவூட்டும்.

நாம் பெயரிட வேண்டிய பொருள் வேறு. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ‘மட்’ போன்ற எழுத்துவழி விளையாட்டுகளுக்கு, வரிகளைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) படித்துச் சொன்னாலே போதும். சண்டை விளையாட்டில் அது உதவாது. ஒரு தொடரைப் படித்து முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும், மறுமுனையில் இருப்பவரும் மனிதர் என்பதால் ஆட்டத்தை நிறுத்திவைக்கவும் முடியாது. 2023-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, எதிராளி எவ்வளவு தொலைவில் நிற்கிறார், அடி மேலே வருகிறதா கீழே வருகிறதா, அவர் தாவி மறுபக்கம் போய்விட்டாரா என்பவற்றையெல்லாம் தனித்தனி ஒலிகளால் உணர்த்தும் வசதியோடு வந்தது இதனால்தான்.

இத்தகைய ஒலிக்குக் ‘குறிப்பொலி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘எதிரொலி’யைப் போல இதுவும் ‘ஒலி’ என்றே முடிவதால், ஒருவகை ஒலியைத்தான் சொல்கிறோம் என்பது கேட்டவுடன் விளங்கும். முகம் பார்த்துக் குறிப்பறிவதைப் போல, ஆட்டக்காரர் இங்கே செவியால் குறிப்பறிகிறார். ‘ஒலிச்சமிக்ஞை’ பிழையன்று, ஆனால் கப்பலின் சங்கொலி வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

எதிரியின் காலடி ஓசை குறிப்பொலி ஆகுமா என்ற ஐயம் எழலாம். இடமா வலமா, அருகிலா தொலைவிலா என்று பிரித்தறியும்படி அதை வடிவமைப்பவர் திட்டமிட்டு அமைத்திருந்தால், ஆகும் என்பதே என் கருத்து. பார்வையுள்ளவர்களும் அதைக் கேட்டுத்தான் ஆடுகிறார்கள். அதை விலக்கினால், குறிப்பொலி என்பது பார்வையற்றோருக்காகப் பின்னர் ஒட்டவைக்கும் ஒன்று என்ற எண்ணம் வலுப்பெறும். பேச்சாக வரும் செய்தியை மட்டும் ‘குரல் அறிவிப்பு’ எனப் பிரித்துவிடலாம்.

‘தொலைவுக் குறிப்பொலி’, ‘திசைக் குறிப்பொலி’ எனக் கூட்டுச்சொற்களும் இடரின்றி அமைகின்றன. திரைவாசிப்பான் பயன்படுத்தும் உறுப்பினர்கள் இச்சொற்களை அதில் கேட்டுப்பார்த்து, தெளிவாக ஒலிக்கின்றனவா என்று எழுதுமாறு வேண்டுகிறேன்.