விடுதிப் பள்ளி, மதிப்பெண், பழக்கவழக்கம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பவானிக்காரி:

அண்ணன் மகள் இந்த வருடம் பத்தாவது. நான் படித்த அதே விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்க அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் யோசனை கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

2010இல் மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் அப்பா என்னை நாமக்கல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். காலை நாலரைக்கு எழுப்பினால் இரவு பத்தரை வரை படிப்பு, தினமும் டெஸ்ட். பிளஸ் ஒன் புத்தகம் பேருக்குத்தான். சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள், அதையே இரண்டு வருடம் திருப்பித் திருப்பிப் படித்தோம். 1200க்கு 1149 வாங்கினேன். கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்து முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தேன். வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது, அதை நான் படிக்கவே இல்லை. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இந்தப் பழக்கம்தான் முக்கியக் காரணம்.

கணக்கை அப்புறம் தேற்றிக்கொண்டேன். இன்னொன்றைத் தேற்ற முடியவில்லை.

பிளஸ் டூ அரையாண்டு முடிந்து வீட்டுக்கு வந்தேன். திண்ணையில் அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) கட்டிலைக் காணோம். அவர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. "பரீட்ச நேரத்துல சொன்னா உனக்கு மனசு ஒடஞ்சு போயிருமுன்னு சொல்லல சாமி" என்றார் அப்பா. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொந்தக்காரர்கள் வந்தால் எப்படித் துக்கம் கேட்பார்கள், கையை எப்படிப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் சின்ன வயதில் பார்த்ததுதான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவர்தான், "நல்லா எழுதுனயா கண்ணு?" என்று கேட்டார். பிசிக்ஸில் 192 என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த ஆடியில் அவரும் போய்விட்டார்.

அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். வீட்டில் தட்டுக் கழுவக்கூட விடாமல் "நீ படி அம்மிணி, அது போதும்" என்று வளர்த்த தலைமுறை அது. ஆனால் அண்ணன் மகளை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பூர் தம்பி:

அக்கா, என் கதை இதற்கு நேர்மாறு. எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது தைப்பவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலைக்கு, போனேன். ஆளைப் பார்த்துப் பேசுவது, சண்டையைத் தீர்ப்பது, மேஸ்திரியிடம் கூலி பேசி வாங்குவது, வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களோடு இந்தியில் சமாளிப்பது எல்லாம் பதினெட்டு வயதுக்குள் கைவந்துவிட்டது. இன்று மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று வைத்திருக்கிறேன். ஆர்டர் தாள் ஆங்கிலத்தில் வந்தால் இன்னமும் அடுத்த யூனிட் அண்ணனிடம்தான் கொண்டு ஓடுகிறேன். போன வருடம் அளவு அட்டவணையைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு லாட் முழுக்க வீணானது. அதனால் மதிப்பெண் முக்கியமில்லை என்று யாரும் சொன்னால் எனக்கு வலிக்கும். உங்கள் அண்ணன் மகள் நன்றாகப் படிக்கட்டும். வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

சத்தி டீச்சர்:

அரசு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். 2020 தேசியக் கல்விக் கொள்கை, முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் மதிப்பீட்டோடு பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதும் சக மாணவர் சொல்வதும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற விஷயங்களில் எனக்கு மாறுபாடு உண்டு, இது நல்ல யோசனை. நம் மாநிலம் 2017இல் பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்தவர் பட்டியலை நிறுத்தியதும் நல்லதுதான். ஆனால் 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நின்றுவிட்டது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கத்தான் செய்தார்கள். பவானி அக்கா சொன்ன அந்தப் பழைய வழக்கம் திரும்புமோ என்று பயமாக இருக்கிறது.

அட்டை மாறும்வரை காத்திருக்காமல், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் புளியம்பட்டி வியாழன் சந்தைக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஐந்து கடையில் விலை கேட்டு, வண்டி வாடகை, சுங்கம் போக வியாபாரிக்கு என்ன மிஞ்சும் என்று கணக்கெழுத வேண்டும். வகுப்பில் முதலாக வரும் பையன் முதல் கடையிலேயே வாய் திறக்காமல் நின்றுவிட்டான். அம்மாவோடு தக்காளிக் கூடை எடுத்துப் பழகிய ஒரு பெண், பரீட்சையில் பாஸ் ஆவதே அவளுக்குக் கஷ்டம், "வாடா, ஏனுங்கக்கான்னு கூப்புடு, அவங்களே சொல்லுவாங்க" என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். மதியம் அவளுடைய கூட்டல் தப்பை அவன் திருத்திக் கொடுத்தான்.

மறுநாள் இரண்டு பெற்றோர் வந்து பாடம் போகிறதே என்று கோபப்பட்டார்கள். அந்தப் பையனின் அம்மா மட்டும் தயங்கி நின்று, "அடுத்த வியாழனும் போறீங்களாங்க டீச்சர்? நேத்துக் கடைக்கு அவனே போயிட்டு வந்தானுங்க" என்றார்.