கென்யாவில் அனாதை இல்லம் கட்டப் பணம் கொடுக்கலாமா?

தூத்துக்குடிக்காரன்:
கென்யாவில் கிட்டுயி பக்கம் ஊழியம் செய்கிற ஒருவர் போன மாதம் எங்கள் சபைக்கு வந்தார். நாற்பது பிள்ளைகள் தங்க ஓர் இல்லம் கட்ட உதவி கேட்டார். மழை பொய்த்துக் காய்ந்த நிலம், வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைகள் என்று அவர் காட்டிய படங்களைப் பார்த்து, அங்கேயே வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. நான் காணிக்கைக் குழுவில் இருக்கிறேன். எனக்கும் கொடுக்கத்தான் மனம். ஆனால் என் மகள், "இப்போதெல்லாம் இல்லம் கட்டுவது சரியான வழி இல்லை என்கிறார்களே அப்பா" என்று கேட்டதிலிருந்து குழப்பம். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே. அதைச் செய்வதில் என்ன தப்பு?

செவிலி73:
அண்ணே, உங்கள் மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். கிழக்குக் கென்யாவில் ஒரு மிஷன் மருத்துவமனையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். பக்கத்திலேயே ஒரு பிள்ளைகள் இல்லம் இருந்தது. ஒரு நாள் காலையில் ஒரு பாட்டி பேரனை அங்கே விட வந்தார். அவனுக்கு ஆறு வயதிருக்கும். படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் இருந்த மை அவன்மேல் ஒட்டிவிடாமல், மறு கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். சீருடை வாங்க வழியில்லை, உகாலிக் களி கிண்ட மக்காச்சோள மாவும் இல்லை. காரணம் அவ்வளவுதான். பையனின் அப்பா மொம்பாசாவில் உயிரோடு இருந்தார்.

பதிவேட்டில் "அனாதை" என்று எழுதினார்கள். அது பொய் இல்லை. தாய் தகப்பனில் ஒருவரை இழந்தாலே யுனிசெஃப் கணக்கில் அந்தப் பிள்ளை அனாதைதான். ஆனால் அந்தச் சொல் நம் சபையில் காதில் விழும்போது, யாருமே இல்லாத பிள்ளை என்றுதானே நினைக்கிறோம்? மாவுக்கும் சீருடைக்கும் ஆகிற பணம் பாட்டி கையில் இருந்திருந்தால், அன்று இரவு அவன் பாட்டி பக்கத்திலேயே படுத்திருப்பான்.

கலங்கரை:
சிஸ்டர், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். அதற்காக இல்லம் என்றாலே தவறு என்று போகாதீர்கள். தொண்ணூறுகளை நினைத்துப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ள குழந்தையைத் தூக்கவே சொந்தக்காரர்கள் பயந்த காலம். 1992-ல் ஏஞ்சலோ டகொஸ்டினோ என்ற இயேசு சபைக் குருவானவர் நைரோபியில் நியும்பானி இல்லத்தைத் தொடங்கியது அந்தக் குழந்தைகளுக்காகத்தான். அவர் மருத்துவரும்கூட. 2003-ல் கென்ய அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கிய பிறகும் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிகள் மறுத்தன. இல்லம் நீதிமன்றம் போனது. 2004-ல் பள்ளிக் கதவு திறந்தது. எந்தப் பாட்டியால் தனியாக அந்த வழக்கைப் போட்டிருக்க முடியும்?

கேள்வியன்:
நான் கிறிஸ்தவன் இல்லை. பசித்த பிள்ளைக்குத் தட்டு வைக்கும்போதே ஜெபத்தையும் சேர்த்து வைப்பது எனக்கு உறுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்தப் பிள்ளை இருக்கிறதா?

செவிலி73:
தம்பி, உறுத்தல் நியாயம்தான். ஆனால் கிட்டுயிக்கு அது பொருந்தாது. 2019 கணக்கெடுப்பில் கென்யர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். எனக்கு ஜெபிக்கச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பாட்டிகள் என்று சொல்வேன். என் கவலை வேறு. நாற்பது கட்டில் போட்டால் நாற்பதையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. பணம் போகிற இடத்துக்குப் பிள்ளைகளும் போகிறார்கள். கென்ய அரசு 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தி வைத்தது. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு இல்லங்கள் பெருகிய ருவாண்டாகூட, 2012-லிருந்து அவற்றை மூடிப் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பி வருகிறது.

கலங்கரை பிரதர், நியும்பானி கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அதே குருவானவர் கண்ட அடுத்த கனவு, அண்ணன் கேட்கிற இதே கிட்டுயியில்தான் எழுந்தது. நடுத் தலைமுறையை எய்ட்ஸ் வாரிக்கொண்டு போனது. பிள்ளையை இழந்த பாட்டியும் பெற்றோரை இழந்த பேரனும் மிஞ்சினார்கள். அவர்களைச் சேர்த்து வைத்து நியும்பானி கிராமத்தை அமைத்தார்கள். ஒரு பாட்டி, ஏறக்குறைய பத்துப் பிள்ளைகள், ஒரு வீடு. பாட்டியை அந்தப் பக்கத்து மக்கள் பேசும் காம்பா மொழியில் "சுசு" என்பார்கள். யாக்கோபு பிள்ளையையும் விதவையையும் சேர்த்தே சொல்கிறார், அண்ணே. நாம் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு விதவையைக் குடிசையில் விட்டுவிடுகிறோம்.

கலங்கரை:
இது எனக்கும் உறைக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லா வீட்டிலும் சுசு இல்லை. தகப்பன் செத்ததும் நிலத்தை எடுத்துக்கொண்டு, பெண் பிள்ளையை வேலைக்காரியாக வைத்துக்கொள்கிற சித்தப்பன்களும் இருக்கிறார்கள். அப்படித் தப்பி வருகிற பிள்ளைக்கு அன்று இரவே ஒரு பாதுகாப்பான கட்டில் வேண்டும்.

செவிலி73:
வேண்டும். மறுக்கவே மாட்டேன். ஆனால் அதற்கு நாற்பது கட்டில் வேண்டாம். அங்கே பதினெட்டு வயது வரை வைத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வியன்:
நான் நீர்ப்பாசனத்தில் வேலை பார்ப்பவன். கிட்டுயி என்றதும் எனக்கு நினைவு வருவது மணல் தடுப்பணை. அங்கே ஆறுகள் மழைக்கு மட்டும் ஓடும். குறுக்கே ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினால் வெள்ளம் மணலைக் கொண்டுவந்து நிரப்பும். தண்ணீர் அந்த மணலுக்குள் தங்கும். வெயில் அதிகம் குடிக்காது. கோடையில் ஊற்றுத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தார் கல் சுமப்பார்கள், உதவ வருகிற அமைப்பு சிமெண்ட் தரும். மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபையார் இதற்கு நிறைய உதவியிருக்கிறார்கள். மதம் பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் தண்ணீருக்காக மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடக்கிற பெண் பிள்ளை பள்ளிக்குப் போக முடிந்தால், அந்த வேலையை யார் செய்தாலும் நான் கைகொடுப்பேன். ஊழியக்காரர் இதற்குப் பணம் கேட்டாரா?

தூத்துக்குடிக்காரன்:
கேட்கவில்லை தம்பி. கட்டடத்தின் வரைபடம் மட்டும்தான் கொண்டுவந்தார்.

எல்லாவற்றையும் அச்சடித்து மகளிடம் கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து நான்கு கேள்வி எழுதியிருக்கிறாள். அதில் முதலாவது: அந்த நாற்பது பேரில் எத்தனை பேருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள், அவர்கள் வீடு எவ்வளவு தூரம்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் குழு கூடுகிறது. இந்தக் கேள்வியை ஊழியக்காரருக்கு அனுப்பி, பதில் வரும்வரை காணிக்கையை வங்கியில் வைக்கச் சொல்லப் போகிறேன். வளையல் கொடுத்த அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொல்கிறேன்.