குறுக்கெழுத்தில் இலத்தீன் வேர்: குறிப்பு நியாயமா?

கல்லடி டீச்சர்:
வணக்கம். எங்கட வாசகர் வட்டம் வருசத்துக்கு ஒருக்கா போடுற மலரில் கடைசிப் பக்கக் குறுக்கெழுத்து என்ட பொறுப்பு. இந்தமுறை இலத்தீனில் வேர் உள்ள, ஆனா மட்டக்களப்பில் தினமும் வாயில் வாற சொற்களை மட்டும் வைத்துக் கட்டுறன். குசினி, பாண், அலுமாரி, கந்தோர் (அலுவலகம்), கடுதாசி எல்லாம் உள்ளே இருக்கு.

குழுவில் ஒருவர், "இலத்தீன் படிக்காத சனத்திட்ட இதக் கேக்கலாமா?" என்கிறார். தாராளமாக் கேக்கலாம் என்கிறன் நான். குறிப்பில் பாதி வேர், பாதி வீடு. வேர் பிடிபடாட்டி வீட்டுப் பக்கத்தால் வரலாம். விடையை எழுதின பிறகு வேரும் மறக்காது. வெறுமனே "இலத்தீனில் இறகு (2)" என்று போட்டால் (அடைப்புக்குள் இருக்கிறது எழுத்துக் கணக்கு) அது பரீட்சைக் கேள்வி. "இறகாய்ப் பிறந்தவள், இப்ப மை நிரப்பிச் சட்டைப் பையில் (2)" என்று போட்டால் பத்து வயதுப் பிள்ளையும் பேனை என்று எழுதும். பென்னா என்றால் இறகு; இறகைச் சீவித்தானே முந்தி எழுதினாங்க.

எனக்கு ஆகப் பிடித்தது நடுவில் இருக்கிற சோடி. இடமிருந்து வலம் கதிரை, மேலிருந்து கீழ் பாதிரி. இரண்டும் "தி" கட்டத்தில் வெட்டுது. பாதிரி, தகப்பனைக் குறிக்கும் பாத்தெரில் இருந்து வந்தது. கதிரைக்கு என்ட குறிப்பு: "ஆயருக்கு இது இருந்தால் ஆலயம் பேராலயம், எங்களுக்கு இருந்தால் விறாந்தையில் ஒரு மூலை (3)". கதெட்ரா என்ற ஆசனம் இருக்கிற கோயில்தான் கத்தீட்ரல். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டம் ஆனதை அறிந்த ஆக்கள் உடனே பிடிப்பாங்க.

ரெண்டு விசயம் கேக்கணும். "உரோமில் எந்தக் கடையும் நான், இஞ்ச கள்ளுக்கடை மட்டும் (4)" என்று தவறணைக்கு எழுதியிருக்கன். தபெர்னா என்பதுதான் வேர். தவறு, அணை என்று பிரித்துப் பொருள் சொல்ற ஆக்களுக்காகவே இதை வைக்க ஆசை. மலர் பள்ளிக்கூடங்களுக்கும் போகும், விடலாமா? மற்றது, இலத்தீன் இல்லாத சொல் ஏதும் புகுந்திருந்தால் சொல்லுங்க.

புளியந்தீவான்:
தவறணை இருக்கட்டும் டீச்சர். ஊரில் பலகை போட்டு நிக்கிற சொல்லைப் பிள்ளைகளுக்கு மறைக்க ஏலாது.

இந்தச் சொற்கள் கூடுதலாப் போர்த்துக்கீசர் வழியாத்தான் வந்தது. அவங்க 1628இல் இங்க கோட்டை கட்டி 1638இல் ஒல்லாந்தரிட்ட பறிகொடுத்தாங்க. கோட்டை பத்து வருசத்தில் கைமாறினாலும் பேச்சு போகல்ல. பறங்கியர் வீடுகள் சிலவற்றில் போர்த்துக்கீசக் கிரியோல் என்ற அந்தக் கலப்பு மொழி இன்னும் இருக்கு. ஆனால் போர்த்துக்கீசம் என்றதுக்காக இலத்தீன் என்று எடுத்திடாதீங்க. இருக்கிற வாங்கு, துடைக்கிற துவாய் ரெண்டும் போர்த்துக்கீசத்தால் வந்தாலும் வேர் ஜெர்மானியக் கூட்டத்தில். அன்னாசி தென்னமெரிக்கப் பழங்குடிகளின் சொல். சிலுவை கோயிலில் கேக்கிற சொல் என்றாலும் சிரியாக் என்ற பழைய மொழியில் இருந்து வந்தது.

கந்தோரைக் கட்டாயம் வையுங்க. அது ஒல்லாந்தர் கொண்டுவந்த சொல், பிரெஞ்சு வழியாக கொம்புதாரே வரை போகுது, எண்ணிக் கணக்குப் பார்க்கிறது என்று பொருள். "கொம்பியூட்டருக்கும் எனக்கும் ஒரே பாட்டன், பைல் கட்டுக்குள் இருக்கிறன் (4)" எப்படி?

அக்கரைப்பற்று வாசகன்:
அஸ்ஸலாமு அலைக்கும். கடுதாசியை எடுத்திருங்க டீச்சர். போர்த்துக்கீசரின் கர்த்தாஸ் என்ற சொல்லில் இருந்து நமக்கு வந்தது, உண்மைதான். ஆனால் அது அரபு கிர்தாஸ். குர்ஆனில் அன்ஆம் சூறாவின் ஏழாம் வசனத்தில் இருக்கு. அரபுக்குக் கிரேக்கத்தில் இருந்து வந்தது. இலத்தீன் கார்த்தாவும் அதே கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தது. ஆக இலத்தீன் இதுக்குத் தாய் இல்ல, ஒன்றுவிட்ட சகோதரி. எங்கட பக்கத்து ஆக்கள் இதைக் கண்டால் கட்டாயம் கேப்பாங்க.

வாவிக்கரைப் பிள்ளை:
டீச்சர், மாதம் ஒன்று போடுங்க. "பெயரில் ஏழு, வரிசையில் ஒன்பது (6)". உரோமருக்கு முந்தி வருசம் மார்ச்சில் தொடங்கினதால் செப்டெம்பர் ஏழாவதா இருந்தது. எங்கட வகுப்பில் எல்லாருக்கும் வரும்.

கல்லடி டீச்சர்:
மூன்று பேருக்கும் நன்றி. செப்டெம்பரும் கந்தோர்க் குறிப்பும் அப்படியே போகுது. தவறணையும் இருக்கு.

தம்பி சொன்னது சரி, கடுதாசி வெளியே. அதின்ட கடைசி "சி" குசினியின் நடுக்கட்டத்தில் வெட்டினது. அந்த இடத்துக்கு லேஞ்சி (கைக்குட்டை) பொருந்துது: போர்த்துக்கீச லென்சோ, அதுக்கு முன்னால் இலத்தீன் லிந்தேயும், லினன் துணி. "லினனாய்ப் பிறந்தவன், வெயிலில் நெற்றியைத் தேடுவான் (3)". நாலு கட்டம் மூன்றாகுது, முதல் கட்டத்தைக் கறுப்பாக்கினால் சரி. கறுப்புக் கட்டங்கள் ரெண்டு பக்கமும் ஒத்திருக்கணும் என்றதால எதிர்ப்பக்கக் கட்டத்தையும் கறுப்பாக்கணும், அங்க விசுக்கோத்து நிக்குது. "ரெண்டுதரம் வெந்தும் தேத்தண்ணியில் குளிப்பான் (6)" என்ற குறிப்பை விட மனமில்லை, அதை ஒரு வரி கீழே இறக்கிப் பார்க்கிறன்.