மறு: ஜெல்கோட் வெளுப்புக்கு என்ன சொல்? – நீறுபூத்தல், துலக்கல், காப்பு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீட்டு ஊர்திப் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்களைத் தேடும் இந்த இழையை நான்கு நாட்களாகப் படித்துக்கொண்டு வருகிறேன். ஜெல்கோட் என்பது கண்ணாடியிழை வண்டியின் வெளிச்சுவரில் உள்ள பிசின் பூச்சு; அது வெயிலில் வெளுத்துப்போவதற்கும், அதைச் சரிசெய்யும் வேலைகளுக்கும் தமிழில் என்ன சொல் என்பதுதான் கேள்வி. இன்று விடுமுறை. வெயில் ஏறுவதற்குள் வண்டியைக் கழுவி முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வண்டிக்கே என்ன பெயர் வைப்பது என்பது தனி இழையில் ஓடுவதால், தங்கிக்கொண்டே பயணம் போகும் இந்த ஆர்.வி.யை இங்கே ‘வீட்டு ஊர்தி’, சுருக்கமாக ‘வண்டி’ என்றே எழுதுகிறேன்.

> வெளுத்துப்போவதை ‘ஆக்சிஜனேற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பாடநூலில் இருக்கிற சொல்தானே.

வேதியியலாகப் பார்த்தால் தவறில்லை. புற ஊதாக் கதிர் பட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து, ஜெல்கோட்டின் மேல்பரப்பில் உள்ள பாலியெஸ்டர் பிசினைச் சிதைக்கிறது. இங்கே அமெரிக்காவில் வண்டிக்காரர்களும் பேச்சில் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது காரணத்தின் பெயர். கண்ணுக்குத் தெரிவது வேறு. பிசின் சிதைந்ததும், அது பிடித்து வைத்திருந்த வெள்ளை நிறமி பிடிப்பில்லாமல் தூளாக மேலே நின்றுவிடும். பீனிக்ஸில் நான்கு கோடை நின்ற ஒரு வண்டியின் தெற்குப் பக்கச் சுவரில் ஆள்காட்டி விரலை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விரல் நுனியில் கோலமாவைத் தொட்டதுபோல் ஒட்டிக்கொண்டு வரும். சுவரில் விரல் போன இடம் மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில் கோடாகத் தெரியும். அந்தத் தூளுக்கும் அது தோன்றும் செயலுக்கும்தான் நமக்குச் சொல் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லா வண்டியும் கண்ணாடியிழை இல்லை. ஒஹாயோ மாநிலம் ஜாக்சன் சென்டரில் செய்யப்படும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளுக்கு அலுமினிய உடல். பழைய ஏர்ஸ்ட்ரீம் ஒன்றைத் தேய்த்தால் துணி கன்னங்கரேலென்று ஆகும். அங்கே உலோகம் மங்குவதற்கு ஆக்சிஜனேற்றம் என்பது அப்படியே பொருந்துகிற சொல். ஜெல்கோட்டுக்கும் அதையே போட்டால், கறுப்பாக வருவதற்கும் வெள்ளையாக வருவதற்கும் ஒரே பெயர் என்றாகிவிடும். தவிர, இலங்கைப் பாடநூல்களில் அது ‘ஒட்சியேற்றம்’. கையேட்டை இரு நாட்டவரும் படிக்கப் போகிறார்கள். இந்தச் சிக்கலே இல்லாத ஒரு சொல் கிடைத்தால் நல்லதுதானே.

> மாவுபூத்தல்? சுண்ணமாதல்?

‘சுண்ணமாதல்’ ‘சாக்கிங்’ (chalking) என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே புரட்டிப் போட்டதாக எனக்குப் படுகிறது. அந்தத் தூளில் சுண்ணாம்பு ஆதிக்கம் செலுத்துவதில்லை. பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. ‘மாவுபூத்தல்’ நல்ல தடத்தில் போகிறது. ஆனால் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உடனே மாவுப்பூச்சிதான் நினைவுக்கு வரும். அதிலுள்ள ‘பூத்தல்’ மட்டும் விலைமதிப்பில்லாதது, அதை விட்டுவிடக் கூடாது. சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூசணம் பூக்கிறது, காத்திருந்து காத்திருந்து கண் பூத்துப்போகிறது. ஒரு பரப்புக்கு உள்ளிருந்தே வெண்மை கிளம்பி அதன் ஒளியை மறைப்பதற்குத் தமிழ் எப்போதுமே இந்த வினையைத்தான் எடுத்துக்கொள்கிறது. நம் வண்டிச் சுவரில் நடப்பதும் அதுதான். வெளியிலிருந்து தூசி வந்து படியவில்லை, சுவரே பூத்திருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: நீறுபூத்தல். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சொல்லாத தமிழர் உண்டா? அந்தத் தொடரில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. நீறுக்கு அடியில் நெருப்பு அணையாமல் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஜெல்கோட்டும் அப்படியே. மேலே வெளுத்த அடுக்கை எடுத்துவிட்டால் கீழே பழைய நிறமும் பளபளப்பும் உயிரோடு இருக்கும். சொல்லைக் கேட்டவுடனேயே வண்டிக்காரருக்கு நம்பிக்கை வரும். தூளை ‘நீறு’ என்றே சொல்லலாம். ‘பூப்பு’ என்று பெயர்ச்சொல்லாக்க வேண்டாம். அது பூப்பெய்துவதற்கு உரிய சொல். ‘நீறுபூத்தல்’ என்று தொழிற்பெயராகவே இருக்கட்டும்.

இதை அளப்பதற்கும் முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4628-6 என்ற தரநிலையில், பரப்பில் ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து, அதில் எவ்வளவு தூள் வந்தது என்று ஒப்பிட்டு எண் கொடுப்பார்கள். அதற்கு ‘நீற்றளவு’ போதும். வாங்கப்போகும் பழைய வண்டியை யாரும் ஒரு துண்டு ஒட்டுநாடாவை வைத்துச் சோதித்துவிடலாம்.

> பாலிஷ் = மெருகு, வேக்ஸ் = மெழுகு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. இதற்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன்.

நான் முதல் வண்டியை வாங்கியபோது அது ஏற்கெனவே நன்றாகப் பூத்திருந்தது. ஊரில் பேசும் பழக்கத்தில் ‘ஒரு பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்’ என்று நினைத்தேன். கடையில் கேட்டு ஒரு டப்பா வாங்கி, இரண்டு நாள் ஏணியில் நின்று முழுச் சுவருக்கும் பூசித் துடைத்தேன். பளபளவென்று இருந்தது, வீட்டார் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குள் பழையபடி வெளுத்துவிட்டது. நான் போட்டது மெழுகு. நீறை எடுக்காமல் அதன் மேலேயே மெழுகைப் பூசியிருக்கிறேன். தூள் உதிர, அதோடு மெழுகும் போய்விட்டது. என்னிடம் உழைப்புக்குக் குறைவில்லை, சொல் சரியாக இல்லை.

ஏனென்றால் நாம் ‘பாலிஷ்’ என்று சொல்வதில் நேர் எதிரான இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அரிசிக்குப் பாலிஷ் போட்டால் தவிடு போகிறது. செருப்புக்குப் பாலிஷ் போட்டால் மெழுகு ஏறுகிறது. ஒன்றில் எடுக்கிறோம், மற்றதில் சேர்க்கிறோம். வண்டிக்கு இரண்டும் வேண்டும், அதே வரிசையில் வேண்டும். கையேட்டுச் சொற்கள் இந்த வித்தியாசத்தைக் காட்டாவிட்டால், படிப்பவர் நான் பட்ட பாட்டைப் பட்டே ஆக வேண்டும். மெருகு, மெழுகு என்று ஓர் எழுத்து மட்டும் மாறுகிற இரண்டு சொற்களை அருகருகே வைப்பதும் ஆபத்து. ஏணியில் நின்றுகொண்டு கைப்பேசியில் படிப்பவருக்கு ‘ரு’வும் ‘ழு’வும் ஒன்றாகத்தான் தெரியும்.

எடுப்பதற்கு துலக்கல் என்று வைப்போம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். தேய்ப்பதும் அதனால் ஒளி வருவதும் அந்த ஒரே வினையில் இருக்கின்றன. ‘தீட்டல்’ என்ற யோசனையும் வந்தது. அரிசிக்கு அது அழகான சொல், ஆனால் ஓவியமும் தீட்டுகிறோம், கத்தியும் தீட்டுகிறோம். சொரசொரப்பான பசைக்குத் ‘துலக்குப்பசை’ என்றால் பற்பசையின் ஞாபகத்தில் தானாகவே விளங்கும். முதலில் முரட்டுப் பசையால் ‘வன்துலக்கல்’, பிறகு நயமான பசையால் ‘மென்துலக்கல்’. நீறு அதிகம் இல்லாத வண்டிக்கு மென்துலக்கல் மட்டுமே போதும்.

துலக்கலில் பொருள் குறைகிறது என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். காரின் மேலுள்ள நிறமற்ற பூச்சு அதில் பத்தில் ஒரு பங்குதான். இடமிருக்கிறது என்பதற்காக ஆண்டுதோறும் வன்துலக்கல் செய்தால் ஒருநாள் உள்ளிருக்கும் கண்ணாடியிழை தெரிந்துவிடும். ஒட்டுப்படங்கள் மேல் துலக்குப்பசை படவே கூடாது.

‘மெருகு’ என்பதைச் செயலுக்குத் தர வேண்டாம், விளைவுக்கு வைத்துக்கொள்ளலாம். மெருகு குலையாமல், மெருகு ஏறி என்றுதானே சொல்கிறோம். மின்னும் அளவை அளக்கும் கருவி ‘மெருகுமானி’.

சேர்ப்பதற்கு காப்பு.

> காப்பு என்றால் வளையல். அல்லது கோவில். தொழில்நுட்பத்துக்கு ஒட்டுமா?

மின்காப்பு என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம். கோவில் வழக்கு இங்கே தடையாக இல்லை, வழிகாட்டியாக இருக்கிறது என்பேன். திருவரங்கத்து மூலவர் சுதையால் ஆனவர். அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். அந்தப் பரப்பு தண்ணீரைத் தாங்காது. அதனால் மேலே ஒரு படலம் சாத்துகிறார்கள், காலம் வந்ததும் மறுபடி புதுப்பிக்கிறார்கள். வண்டிக்கு நாம் செய்வது அதே வேலை. பூச்சு வேறு, காப்பு வேறு என்ற பிரிவும் இதில் தெளிவாகிறது. பூச்சு உடலோடு ஒட்டியது, இருந்துகொண்டே இருக்க வேண்டியது. காப்பு கரைந்துபோவதற்கென்றே மேலே இருப்பது. வெயிலைத் தான் வாங்கிக்கொண்டு பூச்சை விட்டுவைக்கும்.

எனவே மெழுகுக்காப்பு, பலபடிக்காப்பு (பாலிமர்), சிலிக்காக்காப்பு. மூன்றாவதற்குப் ‘பீங்கான் பூச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சூளையில் சுட்ட தட்டு என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் அது சிறு குப்பியில் வரும் திரவம், சுவரில் தடவிய பிறகு காற்றிலேயே இறுகுகிறது. சிலிக்கா என்றே சொல்லிவிடுவோம்.

மெழுகுக்காப்பில் பேர்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. ஓலையைக் காயவைத்து அடித்தால் செதிலாக உதிரும். உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ், தேன்மெழுகைவிட இருபது டிகிரி அதிகம். வறண்ட நிலத்தில் ஈரம் போய்விடாமல் அந்தப் பனை தன் ஓலைக்குத் தானே போட்டுக்கொண்ட காப்பை நாம் வாங்கி வண்டிக்குப் போடுகிறோம். ‘காப்பு’ என்ற சொல் மரத்திலேயே தொடங்குகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஜெல்கோட்டை என்ன செய்வது? ‘கூழ்மப்பூச்சு’ வேண்டாம், கூழ்மம் பாடநூலில் வேறொன்றுக்கு (கொலாய்டு) போய்விட்டது. வார்ப்பு அச்சில் முதலில் தெளிப்பதால் ‘அச்சுப்பூச்சு’ என்று நானே யோசித்தேன். ஆனால் வண்டிக்காரரிடம் அச்சு என்றால் சக்கரத்தின் அச்சு. ஜெல்கோட் என்றே இருக்கட்டும்.

சரி, சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சுவர் கைக்குச் சூடாகத் தெரிந்தால் மாலைவரை பொறுங்கள். கழுவி, காயவிட்டு, விரலால் இழுத்துப் பாருங்கள். நீறு வந்தால் துலக்க வேண்டும். வராவிட்டால் நேராகக் காப்புக்குப் போகலாம். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துத் துலக்குங்கள். பசையைத் துடைத்தபின் அதே இடத்தை மறுபடி விரலால் இழுங்கள். விரலில் நீறு வருவது முற்றிலும் நின்ற பிறகே காப்பு. அடுத்த கழுவலில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் காப்பு இருக்கிறது. தகடாகப் படர்ந்து வழிந்தால் தேய்ந்துவிட்டது. கழுவும்போது பாத்திரச் சோப்பு வேண்டாம், அது காப்பைக் கரைக்கும்.”

ஊரில் இருக்கும் என் அண்ணனுக்கு அனுப்பிப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் இந்த வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. “எது முதலில், எது பிறகு?” என்று கேட்டதற்குத் தடுமாறாமல் சொன்னார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. துலக்கும் இயந்திரத்தில் இரண்டு வகை. ஒன்றில் வட்டு ஒரே இடத்தில் சுழலும், வேகமாக எடுக்கும், பழகாத கையில் சூடேறிச் சுவரில் தழும்பு விழும். மற்றதில் வட்டு தானும் சுழன்றுகொண்டு, பூமியைப்போல் சிறு வட்டத்தில் சுற்றியும் வரும். புதியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. ஒற்றைச்சுழல் துலக்கி, இரட்டைச்சுழல் துலக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘இரட்டைச்சுழல்’ என்றால் இரண்டு வட்டு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். டொராண்டோ அக்கா, உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இதற்கு வேறு பேர் புழங்குகிறதா? கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பீனிக்ஸிலிருந்து