கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்ற எங்கே விடுவது: கம்பெனி நிலையத்திலா, தனிப் பட்டறையிலா?

பற்சக்கரம்:
"ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தைத் தவிர வேறெவரும் தொடக் கூடாது, தொட்டால் பெட்டி போய்விடும்" என்று நெடுஞ்சாலை என்பவர் இந்த மன்றத்தில் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1,10,000 கி.மீ. ஓடிய என் வண்டியை நான் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில்தான் விட்டேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மறுநாள் காலை ரிவர்ஸில் போட்டதும் வண்டி மூன்று விநாடி அசையாமல் நின்று, பிறகு யாரோ உதைத்தது போல 'டொக்'கென்று கிளம்பியது. மேட்டில் ஏறும்போது ஆர்.பி.எம். முள் எகிறியதே தவிர வேகம் கூடவில்லை.

கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு தனிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் வண்டியை லிஃப்டில் மட்டம் பார்த்து ஏற்றினார். ஸ்கேன் கருவியைச் செருகி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் 38 டிகிரிக்கு வரும் வரை காத்திருந்து, அதன் பிறகே அளவு பார்க்கும் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டுகூட வரவில்லை. ஏறத்தாழ ஒரு லிட்டர் ஏற்றிய பின்னரே நூல் போல மெல்லிய ஒழுக்கு வந்தது. முதலில் வேலை செய்தவர்கள் எத்தனை டிகிரியில் அளவு பார்த்தார்கள்? நேரில் போய்க் கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை.

நெடுஞ்சாலை:
பெயர் சொல்லாத ஒரு நிலையத்தில் நடந்த ஒரே ஒரு தவற்றை வைத்துக்கொண்டு எல்லா நிலையங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. என் முந்தைய வண்டியில் இருந்தது சிவிடி என்னும் பட்டைவகை ஆட்டோமேட்டிக் பெட்டி. வெளிப்பட்டறை ஒன்றில் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான் சார்" என்று சொல்லிச் ஏ.டி.எஃப். எனப்படும் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஊற்றி அனுப்பினார்கள். சிவிடியில் எஃகுப் பட்டையும் கூம்புக் கப்பிகளும் ஒன்றையொன்று வழுக்காமல் பற்றிக்கொள்வதே அதற்கென்று தயாரித்த எண்ணெயின் உராய்வுத் தன்மையை நம்பித்தான். இரண்டே மாதத்தில் ஊளைச் சத்தம் கிளம்பியது. கடைசியில் பெட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று. "எந்தப் பட்டறையிலும் மாற்றலாம்" என்று அன்று எனக்கு அறிவுரை சொன்னவர் யார் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

பற்சக்கரம்:
கையேட்டில் அச்சிட்டிருக்கும் தர எண்ணுக்குரிய எண்ணெயை ஊற்றும் எந்தப் பட்டறையிலும் மாற்றலாம் என்றுதான் எழுதினேன். வாக்கியத்தின் முதல் பாதியை வெட்டிவிட்டு மறுபாதியை என் தலையில் கட்டுகிறீர்கள். அது இருக்கட்டும். நீங்கள் சொன்னது தவறான எண்ணெயின் கதை. நான் கேட்பது அளவைப் பற்றி. எத்தனை டிகிரியில் பார்த்தார்கள்?

இது ஏன் முக்கியம் என்பதைச் சொல்கிறேன். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் கிடையாது. திருகைக் கழற்றி, வழிவது வழிந்தபின் மூடுவதுதான் அளவு பார்க்கும் முறை. எண்ணெய் சூடேறினால் விரியும். மிகவும் சூடாக இருக்கும்போது கழற்றினால் தேவைக்கு மேல் வழிந்துவிடும், பெட்டி ஆறியபின் குறை விழும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். எஞ்சின் விசையைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய எண்ணெயும் கீழே பேன் என்னும் அடித்தட்டில் நிற்பதால் நிறைந்திருப்பது போலத் தோன்றும். பிறகு பம்ப் காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். இத்தனையும் ஒரு வெப்பமானியைப் பார்க்காததால் வருவது.

பட்டறைமகன்:
இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வெளிப்பட்டறை என்றாலே எதையாவது ஊற்றிவிடுவார்கள் என்று நெடுஞ்சாலை எழுதியது எங்கள் தொழிலையே இழிவுபடுத்துவதாகும். பற்சக்கரத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே டிகிரி கிடையாது. டிப்ஸ்டிக் உள்ள பழைய பெட்டிகள் பலவற்றில் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றிய பின்பே 'ஹாட்' கோட்டில் அளவு பார்க்க வேண்டும். பேனில் கையை வைத்தாலே எனக்குச் சூடு தெரியும். ஸ்கேன் கருவி வருவதற்கு முன்னும் கியர்பாக்ஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நிதானம்:
ஓர் ஐயம். சர்வீஸ் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எண்ணெய் மாற்றுவதையா, ஃபில்டரும் சேர்த்தா, எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்வதையா, பெட்டியைப் பிரித்து ஓவர்ஹால் செய்வதையா? ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறாக இருக்கலாம் அல்லவா?

பற்சக்கரம்:
பட்டறைமகன் அவர்களே, எல்லாப் பெட்டிக்கும் ஒரே டிகிரி என்று நான் எங்கே எழுதினேன்? ஒன்றுக்கொன்று மாறுபடுவதால்தான் அந்தப் பெட்டிக்கு எத்தனை டிகிரி என்று தெரிந்த இடத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். இசட்எஃப் என்ற கியர்பாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் எட்டு கியர் பெட்டியில் அளவு பார்க்கும் வரம்பு 30 முதல் 50 டிகிரி. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வரம்பை எண்ணெய் வேகமாகக் கடந்துவிடும். கையை வைத்துப் பார்த்து, 'சூடாகத்தான் இருக்கிறது' என்று சொல்லும்போது அது 45 ஆகவும் இருக்கலாம், 55 ஆகவும் இருக்கலாம். உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் உங்கள் உள்ளங்கை ஓர் அளவுகோல் ஆகாது.

பட்டறைமகன்:
என் உள்ளங்கையைப் பற்றிப் பேசும் முன் என் பட்டறைக்கு வந்து, நான் பூட்டிய பெட்டிகள் எத்தனை திரும்பி வந்தன என்று கேளுங்கள். புத்தகத்தில் எண்ணைப் படித்தவருக்கும் பேனைக் கழற்றிக் காந்தத்தில் ஒட்டியிருப்பதைத் தடவிப் பார்த்தவருக்கும் வேறுபாடு உண்டு. சாம்பல் நிறத்தில் மை போல இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் செதில் குத்தினால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். இதை எந்தக் கருவி சொல்லும்?

நெடுஞ்சாலை:
நீங்கள் இருவரும் டிகிரிக்காக அடித்துக்கொள்வதில் ஓர் அடிப்படையை மறந்துவிட்டீர்கள். என் இப்போதைய வண்டியின் கையேட்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுவதுக்குமானது என்றே இருக்கிறது. தயாரித்தவனே மாற்ற வேண்டாம் என்று சொல்லும்போது, வெளியே மாற்றச் சொல்லுகிறவர்களின் நோக்கம் எனக்குப் புரிகிறது. அப்படியே மாற்றினாலும் என் நிலையத்தில் மெஷின் வைத்து முழு எண்ணெயையும் ஒரே தடவையில் மாற்றித் தருவார்கள். பட்டறைகளில் திருகைக் கழற்றி வருகிறதை மட்டும் வடிப்பார்கள்.

பட்டறைமகன்:
நோக்கமா? அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். மெஷினைப் பற்றியும் கேளுங்கள். பல ஆண்டுகள் மாற்றாத பெட்டியில் மெஷினைப் பூட்டி, ஃபில்டரைத் தொடாமல் புது எண்ணெயை ஓட்டினால் அழுக்கு எங்கே போய் அடைக்கும் என்று யோசித்தீர்களா? நான் வடித்துத்தான் ஊற்றுவேன். தடவைக்குப் பாதி மாறினாலும் இரண்டு தடவையில் முக்கால் பங்கு புதிதாகிவிடும்.

நெடுஞ்சாலை:
எந்தச் சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். என் வண்டியின் உத்தரவாதம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. உங்கள் காந்தத்தையும் மையையும் நம்பி அதை இழக்க நான் தயாராக இல்லை.

பற்சக்கரம்:
உத்தரவாதம் இருக்கும் வரை கம்பெனி நிலையத்துக்கே போங்கள். அதை நான் எங்கும் மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் முழுவதுக்குமான எண்ணெய் என்பதை மறுக்கிறேன். கார் கம்பெனிகள் அப்படி அச்சிடும் அதே இசட்எஃப் பெட்டிகளுக்கு, பெட்டியைத் தயாரித்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைக் கேட்பதா, அதை வாங்கிக் காரில் பூட்டியவன் பேச்சைக் கேட்பதா? பேனும் ஃபில்டரும் அதில் ஒரே உறுப்பாக வருவதால் பேனையே மாற்ற வேண்டும். திருகை மட்டும் கழற்றி வடித்து அனுப்பும் இடம் கம்பெனியானாலும் பட்டறையானாலும் எனக்கு ஒன்றுதான்.

மெஷினா, வடிப்பா என்ற சண்டையில் என் கேள்வியை இருவரும் புதைத்துவிட்டீர்கள். மெஷினில் மாற்றினாலும் கடைசியில் அளவு பார்த்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலை அவர்களே, உங்கள் நிலையத்தில் எத்தனை டிகிரியில் பார்க்கிறார்கள்?

நிதானம்:
ஈர டூயல் கிளட்ச் பெட்டி, அதாவது எண்ணெயில் இயங்கும் இரட்டைக் கிளட்ச் உள்ள பெட்டி, வைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னுடையது ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிக்யூ250 என்ற பெட்டி. அதற்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கிறது. சர்வீஸ் என்பதற்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்று மேலே கேட்டதற்கும் இன்னும் விடை வரவில்லை.

நெடுஞ்சாலை:
பயிற்சி பெற்ற ஆட்களிடம் போய் எத்தனை டிகிரி என்று குறுக்கு விசாரணை செய்வது என் பழக்கமல்ல. அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் வண்டியை விடுகிறேன். பெட்டி போன வலியை நான் ஒரு முறை பட்டாயிற்று, அதுவும் உங்களைப் போன்றவர்கள் சொன்னதைக் கேட்டு.

பற்சக்கரம்:
அதே நம்பிக்கையில்தான் நானும் விட்டேன். மூன்று விநாடி அசையாமல் நின்றது என் வண்டி. வேலை முடிந்ததும் ஸ்கேன் கருவியின் திரையில் வெப்பநிலை தெரியும்படி ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், போதும். தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பட்டறைமகன்:
படம் கேட்டு வருகிறவரின் வண்டியை நான் உள்ளே விடுவதில்லை. 'நோக்கம்' என்ற அந்தச் சொல்லுக்கு நெடுஞ்சாலை இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பற்சக்கரம்:
அப்படியானால் என் வண்டி உங்கள் பட்டறைக்கு வராது. உங்கள் நிலையத்துக்கும் வராது, நெடுஞ்சாலை அவர்களே. எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு இருவரில் ஒருவர்கூட ஓர் எண்ணைச் சொல்லவில்லை.