வாடகை வீட்டில் தண்ணிக் காசு: தலைக்கணக்கா, வீட்டுக்கணக்கா?

மாடிப்போர்ஷன்:
வணக்கங்க. சேலம் அம்மாபேட்டை பக்கம் நாலு போர்ஷன் வீடு, மாடியில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். கீழே ஓனர் வீட்டில் ஆறு பேர், பக்கத்தில் அஞ்சு பேர், பின்னால் ஒரு கொலுசுப் பட்டறை, அதையும் ஒரு வீடு என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். போர் வற்றிவிட்டது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை வரும் மேட்டூர்த் தண்ணி சம்ப்பில் இறங்குகிறது, அது பத்தாமல் டிராக்டர் டேங்கர் வாங்குகிறோம். அந்தக் காசை ஓனர் நாலாகப் பிரித்து எல்லாரிடமும் ஒரே தொகை கேட்கிறார். ரெண்டு பேர் குளிக்கிற தண்ணிக்கும், ஆறு பேர் குளித்து வண்டி கழுவி வாசல் தெளிக்கிற தண்ணிக்கும் ஒரே காசா? கேட்டதற்கு "இஷ்டம் இல்லைன்னா காலி பண்ணிக்கங்க" என்றார், போன வாரம் மாடி வால்வை ஒரு நாள் முழுக்க அடைத்தே வைத்துவிட்டார். தலைக்கணக்கு கேட்பது தப்பா?

நாலுரோடுவாசி:
தப்பே இல்லைங்க. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்குத் தண்ணீர்த் திட்டம் போடும்போது அரசாங்கமே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்குப் போடுகிறது, வீட்டுக்கு இவ்வளவு என்று இல்லை. உங்களுக்கு 270, அவர்களுக்கு 810. பட்டறையைத் தனியாகப் பேசுங்கள், அது தொழில்.

ரெண்டு வீட்டு ஓனர்:
நானும் வீடு வாடகைக்கு விட்டவன் என்பதால் சொல்கிறேன். தலைக்கணக்கு கேட்க நன்றாக இருக்கும். மாமியார் வந்து ரெண்டு மாதம் தங்கினால் அவரும் ஒரு தலையா, கைக்குழந்தை அரைத் தலையா, யார் போய் எண்ணுவது? ரெண்டே பேர் உள்ள வீட்டில் தினமும் வாஷிங் மெஷின் ஓடும், ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணி நேராகச் சாக்கடைக்குப் போகும், இதையும் பார்த்திருக்கிறேன். மாடிக்கு ஏற்றுகிற மோட்டார் கரண்டை யாரும் பேசுவதே இல்லை. ஆனால் வால்வை அடைத்தது அநியாயம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

கச்சேரித்தெரு:
அநியாயம் மட்டுமில்லை, சட்டப்படியும் கூடாது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017 தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதன் 20ஆவது பிரிவு சொல்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைத்தான் வாடகை அதிகாரியாக நியமிப்பார்கள், புகாரை அவரிடம் கொடுக்கலாம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவும் ஆகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துக் குடிபுகுந்திருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள், தண்ணிக் காசை எப்படிப் பிரிப்பது என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

குழாய் ரிப்பேர்:
இதற்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். மொட்டைமாடியில் போர்ஷனுக்கு ஒரு டேங்க், 500 லிட்டர் போதும். ஒவ்வொன்றும் எத்தனை முறை ரொப்பியது என்று நோட்டில் குறித்துக்கொண்டால் அவரவர் காசு அவரவருக்கு. மாமியார் வந்தாலும் டேங்க் சொல்லிவிடும். ஆனால் ஒரு சந்தேகம், மேட்டூர்த் தண்ணி சம்ப்பில் தானாக இறங்குகிறதா, மோட்டார் போட்டு இழுக்கிறாரா?

மாடிப்போர்ஷன்:
மோட்டார்தான், குழாயிலேயே நேராக. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

குழாய் ரிப்பேர்:
அப்போது நீங்கள் நாலு பேரும் சண்டை போடுவது தெருக்கோடி வீட்டுத் தண்ணிக்கு. குழாயில் வருவதே கொஞ்ச நேரம், அழுத்தமும் கொஞ்சம்தான், முன்னால் இருப்பவர்கள் மோட்டாரில் உறிஞ்சினால் கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். இதைவிட மோசம் ஒன்று உண்டு. உறிஞ்சும்போது குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடைத் தண்ணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்களும் குடிக்கிறீர்கள், தெருவும் குடிக்கிறது. மாநகராட்சி ஆட்கள் பார்த்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டித்துவிடுவார்கள். தண்ணி தானாக சம்ப்பில் விழட்டும், சம்ப்பிலிருந்து மேலே ஏற்ற மட்டும் மோட்டார், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

தெருக்கோடி:
வேறொரு தெருதான் என்றாலும் கடைசி வீடு எங்களுடையது. தண்ணி விடும் நாளில் குடத்தை வைத்துவிட்டுக் காத்துக் கிடப்போம், நாலு குடம் நிறைவதற்குள் நின்றுவிடும், முன்வீடுகளிலோ டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும். தலைக்கணக்கு பேசுகிறவர்கள் தெருவையும் சேர்த்து எண்ணுங்கள்.

ரெண்டு வீட்டு ஓனர்:
அது சரி, எல்லாரும் ஒரே நாளில் கழற்றினால் நானும் கழற்றத் தயார். ஒருத்தர் மட்டும் கழற்றினால் அவர்தான் ஏமாளி.

குழாய் ரிப்பேர்:
எல்லாத் தெருவிலும் இதைத்தான் சொல்கிறார்கள், அதனால்தான் ஒரு மோட்டாரும் கழலுவதில்லை. தெருவில் பத்து வீட்டுக் கையெழுத்தோடு வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள், ஒரே நாளில் வந்து எல்லாருடையதையும் பார்ப்பார்கள். உங்கள் ஓனருக்கும் நீங்கள்தான் மாட்டிவிட்டீர்கள் என்று சொல்ல வாய்க்காது. அப்புறம் அந்தப் பட்டறையில் நெருப்பு ஊதிப் பற்றவைப்பதற்கு வீட்டு உபயோகச் சிவப்பு கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தொழிலுக்கு அதை வைக்கக் கூடாது. மாடியிலிருந்து இறங்க ஒரே படிதான், அதுவும் பட்டறையை ஒட்டித்தான் என்றால் தண்ணிக் காசுக்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

மாடிப்போர்ஷன்:
சிவப்புதாங்க, ரெண்டு இருக்கிறது, படிக்குக் கீழேயே. ஞாயிற்றுக்கிழமை ஓனரிடம் முதலில் சிலிண்டர், அப்புறம் தனி டேங்க் என்று பேசுகிறோம். மோட்டார் மனுவுக்குத் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் சரி என்றார்கள்.